கிரையத்துக்கு முன் கட்டடம்: ஓசூர் வட்டாரத்தில் வீட்டுச் சோதனை

ஓசூரில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "அப்ரூவல் இருக்கா?" என்பதுதான். பாகலூர் சாலையானாலும் தளி சாலையானாலும் மத்திகிரியானாலும் அதற்குப் பதில் கிடைக்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், வக்கீலின் லீகல் ஒப்பினியன். வாஸ்து பார்ப்பவரும் ஒருமுறை வந்து வாசல், சமையலறை, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மூலை எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். இத்தனையும் முடிந்த பிறகும், அந்தக் கூரை மழை தாங்குமா, அஸ்திவாரம் எந்த மண்ணில் நிற்கிறது, மேலே ஏற்றிய மாடியைக் கீழே உள்ள தூண்கள் சுமக்குமா என்று பார்க்க ஒருவரும் அந்த வீட்டுக்குள் அழைக்கப்படுவதில்லை. இருபது ஆண்டுக் கடன், சேர்த்த நகை, பி.எஃப். பணம் எல்லாவற்றையும் கொட்டி வாங்கும் பொருளை வாங்குபவர் பார்ப்பது அரை மணி நேரம். அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில்.

இந்த ஊரில் இது கூடுதலாகவே உறுத்துகிறது. 1970களில் சிப்காட் வந்த நாள்முதல் ஓசூர் சோதனையால் வாழும் ஊர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் இங்கே உள்ளன. வந்திறங்கும் சரக்கு 'இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்' தாண்டாமல் லைனுக்குப் போகாது. ஒரு போல்ட்டின் அளவு மைக்ரான் கணக்கில் தப்பினாலும் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும் ஊழியர்தான், மாலையில் போய்ப் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அறுபது லட்சத்துக்குச் சரி என்கிறார். அவருக்குச் சோதனையின் அருமை தெரியும். வீட்டுக்கு அப்படி ஒன்று செய்யலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

காகிதத்தில் இவ்வளவு விழிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி வளர வளர, அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால் ஜூஜூவாடி தொடங்கி நிலம் மனைகளாக வெட்டப்பட்டது. பெங்களூருப் பழக்கத்தில் "முப்பதுக்கு நாற்பது சைட்" என்றே இங்கும் விற்றார்கள். அதில் ஒரு பெரும் பகுதி வெறும் பஞ்சாயத்து அப்ரூவலில் நின்ற மனைகள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. பணம் போட்டவர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அதிலிருந்து நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி எண் இல்லாத மனையைத் தொட ஆளில்லை. அடி வாங்கிக் கற்ற பாடம், நல்ல பாடம். ஆனால் அது நிலத்தைப் பற்றிய பாடம். நிலத்தின் மேல் நிற்கும் கட்டடத்துக்கு அப்படி ஒரு பாடம் இன்னும் இங்கே பரவவில்லை.

அனுமதி பெற்ற கட்டடம் என்றால் அரசாங்கம் பார்த்த கட்டடம் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. சிறு வீடுகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 12 மீட்டர் உயரத்துக்கும் மூன்று குடியிருப்புகளுக்கும் மிகாத வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று தேவையில்லை என்று விலக்கு அளித்தன. பிறகு வந்த திருத்தம் அந்த வரம்பை மேலும் தளர்த்தியது. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலுவலக வாசலில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதன் விளைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓசூரில் கைமாறும் தனி வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்குபவை. அவற்றைக் கட்டும்போதும் கட்டி முடித்த பிறகும் அரசுத் தரப்பில் யாரும் வந்து பார்த்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, கையளித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து புகார் சொன்னால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கட்டுநரிடம் வாங்கியவரிடமிருந்து மறுவிலைக்கு வாங்கியவருக்கும் இந்த உரிமை தொடர்கிறது. நான்கு ஆண்டுப் பழைய பிளாட்டை வாங்குகிறவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: ஐந்தாம் ஆண்டு முடியுமுன் பொறியாளரை அழைத்துப் பார்த்துக் குறைகளை எழுத்தில் கொடுத்துவிட்டால் செலவு கட்டுநருடையது, ஒரு மாதம் தாண்டினாலும் அது வாங்கியவருடையது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் கட்டும் திட்டங்களும் எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களும் பதிவு செய்யவே தேவையில்லை. நான்கு முப்பதுக்கு நாற்பது அடி மனைகள் சேர்ந்தாலும் 446 சதுர மீட்டர்தான். வரிசையாக நாலு டூப்ளெக்ஸ் கட்டி 'ரெடி டு மூவ்' என்று பலகை மாட்டும் சிறு கட்டுநர், இந்த வட்டாரத்தில் அதிகம் காணக் கிடைப்பவர், அந்தப் பதிவேட்டுக்குள் வராமலே விற்று முடிக்கலாம்.

மிஞ்சுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவை வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. எந்தக் குறையை? விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததுமான குறையை. அப்படிப்பட்டதைச் சொல்லாமல் மறைத்தால் மோசடி என்றே சட்டம் வைக்கிறது. இதன் மறுபக்கம்தான் முக்கியம். கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு விற்பவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவர் இல்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது, நீங்கள் பார்க்கவில்லை என்றால் நட்டம் உங்களுடையது. அதே வெடிப்பைப் பட்டி வைத்து மூடிப் பெயின்ட் அடித்திருந்தால் கதை வேறு. ஆனால் மூடியது விற்பவர்தான், அவருக்குத் தெரிந்தேதான் மூடினார் என்று நீங்கள் நிறுவ வேண்டும். வாங்குமுன் ஒரு பொறியாளர் வந்து தேதியோடும் படங்களோடும் எழுதிக் கொடுத்த அறிக்கை கையில் இருந்தால், நீங்கள் கவனம் எடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் கண்ணுக்கும் அகப்படாதது மறைந்திருந்த குறை என்று வாதிட இடம் கிடைக்கும். அறிக்கை இல்லாதவருக்கு அந்த வாதம் மெலிந்துபோகிறது.

காகிதம் சரியாக இருந்தும் கட்டடம் கைவிட்டதற்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். 2024 ஜனவரியில், சாலிகிராமத்தின் ஜெயின்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அடுக்ககத்தை இடித்துக் கட்டித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிவந்து பத்தாண்டுகூட ஆகாத கட்டடம்; கம்பிகள் அரித்துக் கான்கிரீட் உதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே வீடு வாங்கியவர்கள் பத்திரம் பார்க்காமல் வாங்கியவர்கள் இல்லை.

ஓசூரில் இவ்வளவு உயரக் கட்டடங்கள் குறைவு. இங்கே வரும் கோளாறுகள் சிறியவை, ஆனால் நம் மண்ணுக்கும் நம் தேவைக்கும் உரியவை. முதலில் மண். இது மேடும் பள்ளமுமான பீடபூமி. லேஅவுட் போடுகிறவர் ஜேசிபி விட்டு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமன் செய்கிறார். அதன் பிறகு பார்ப்பவருக்கு எல்லா மனையும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் பாதி கெட்டியான கிராவல் மீதும் மீதிப் பாதி கொட்டி நிரப்பிய மண் மீதும் உட்கார்ந்திருக்கலாம். கொட்டிய மண் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு இறங்கும். அந்தப் பக்கச் சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு ஏறும், கதவு சட்டத்தில் இடிக்கும், தரை டைல்ஸைத் தட்டினால் பொத்தென்று கேட்கும், சுவரை ஒட்டிய வெளித்தளம் விலகி விரல் நுழையும் இடைவெளி விடும். பழைய ஏரி, ஓடைக் கால்வாய் ஓரத்து மனைகளில் இந்த அபாயம் கூடுதல். கிராமப் படத்தையும் புல வரைபடத்தையும் வக்கீல் உரிமைக்காகப் பார்க்கிறார். அதே படத்தை ஒரு பொறியாளர் நீர் எங்கே ஓடியது என்பதற்காகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெகுநாளாக இருக்கும் ஊர்க்காரரிடம் "இந்த இடம் முன்னே எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது எந்தக் கருவியையும் விடப் பயன் தரும் என்பது என் எண்ணம். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அவர் பேசுகிற மொழியில் கேட்டால் சொல்வார்.

அடுத்தது மாடி. இது தொழிலாளர் ஊர். பேச்சிலர் பையன்களுக்கு ஒற்றை அறை போர்ஷன் கட்டி விட்டால் வாடகை நிற்காது. அதனால் ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் இரண்டாவது, மூன்றாவது மாடி ஏறுகிறது. ஒன்பது அங்குலத் தூண்கள் மேல் புதிதாகத் தண்ணீர்த் தொட்டியும் வருகிறது. வாங்க வருகிறவருக்கு அந்த வாடகைதான் ஆசை காட்டும். மாதத் தவணையில் பாதியை வாடகையே கட்டிவிடும் என்று தரகர் கணக்குப் போட்டுக் காட்டுவார். அனுமதி பெற்ற வரைபடத்தில் எத்தனை தளம், நிற்பது எத்தனை தளம் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவரும். மீதிப் பாதியைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில் இந்த வட்டாரத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய குறை இதுதான். கசிவு, ஓதம் எல்லாம் பணத்தோடு போகும்.

ஓதத்தையும் சும்மா விட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் வடகிழக்கின் மழையும் ஓசூருக்கு உண்டு. சாலிட் பிளாக் சுவர்கள், எம் சாண்ட் பூச்சு, அவசர வேலை. எம் சாண்டுக்கும் கிரஷர் தூளுக்கும் வித்தியாசம் பார்க்காமல் கலந்தால் பூச்சு நிற்காது. இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பு சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாளும், கலப்புச் சிமென்டுக்குப் பத்து நாளும் தண்ணீர் விட்டு ஈரம் காக்கச் சொல்கிறது. இன்று பெரும்பாலும் புழங்குவது கலப்புச் சிமென்ட். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போயும் தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில், லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிக் கட்டுகிறவர், விற்பதற்காகவே கட்டுகிறவர், பத்து நாளும் தண்ணீர் விட்டிருப்பாரா என்று வாங்குபவர் யோசிக்க வேண்டும். வீட்டை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் பார்த்த வீடும் மாசியில் பார்த்த வீடும் ஒரே வீடாகத் தெரியாது. மற்ற அறைகளை விட்டுவிட்டு ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அந்தச் சுவரிடம் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

சோதனை என்றதும் கருவிகளை நினைத்து மலைக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டால் கூரை தன் கதையைச் சொல்லிவிடும். குளியலறைக்கும் அப்படியே. சம்ப்பை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, இரவில் மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பார்த்தால் கசிவு தெரியும். மின்சாரத்தில் எர்த் உயிரோடு இருக்கிறதா, 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று எலெக்ட்ரீஷியன் நிமிடங்களில் பார்த்துவிடுவார். தூண், தளத்தில் ஐயம் இருந்தால் மட்டும் ரீபவுண்ட் சுத்தியல், மீயொலிச் சோதனை, கம்பியைத் தேடும் கருவி ஆகியவை தேவைப்படும். கான்கிரீட்டைச் சிறிது செதுக்கிப் பினாப்தலீன் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் கம்பிக்குக் காவல் போய்விட்டது என்று பொருள்.

தண்ணீரைப் பரிசோதிப்பது இங்கே வீட்டுச் சோதனையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. வேறொரு பக்கம், பெங்களூருவின் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த வட்டாரத்தில் போர் தண்ணீரை நம்பி வீடு வாங்குகிறவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மற்ற நாடுகள் இதை எப்படித் தீர்த்தன? அமெரிக்காவில் வீட்டுச் சோதனையாளர் சங்கம் 1976-இலேயே அமைந்துவிட்டது. வாங்கும் ஒப்பந்தத்தில் சோதனை முடிவு பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனை அங்கே வழக்கம். கலிபோர்னியாவில் சரியாக இறுக்காத நிரப்பு மண்ணில் கட்டிய வீடு ஒன்று சரிவில் சிக்கிய வழக்கில், தரகரும் வீட்டைக் கவனத்தோடு பார்த்துக் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று 1984-இல் தீர்ப்பு வந்தது. நம் லேஅவுட்களின் நிரப்பு மண்ணை நினைத்தால் அந்த வழக்கு தொலைதூரத்து விஷயமாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவரே சர்வேயரின் அறிக்கையையும் சேர்த்து வைக்க வேண்டும். இங்கிலாந்து 2007-இல் கொண்டுவந்த வீட்டுத் தகவல் தொகுப்பில் கட்டட நிலை அறிக்கையைக் கட்டாயமாக்காமல் விட்டது. காகிதம் மட்டுமே கொண்ட அந்தத் தொகுப்பு 2010-இல் கைவிடப்பட்டது. இவற்றில் எதையும் அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. விற்பவர் பணம் கொடுத்து எழுதி வாங்கும் அறிக்கையை நம் ஊரில் வாங்குபவர் நம்பமாட்டார், நம்பாதது சரியே. வாங்குபவரின் ஆள்தான் பார்க்க வேண்டும்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. 2019 விதிகளே பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று வகை பிரித்து வைத்திருக்கின்றன. ஆனால் அவர்களுக்கான வேலை புதுக் கட்டடங்களோடு நின்றுவிடுகிறது. பெங்களூருவில் இதைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் புதிய அடுக்ககங்களைக் கையளிக்கும் நேரத்தில் பார்ப்பவை. அதியமான் பொறியியல் கல்லூரி போன்றவை ஊரிலேயே இருக்க, பழைய வீட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் சேவையைக் கட்டுமானத் துறை ஆசிரியர்களும் பதிவுபெற்ற பொறியாளர்களும் சேர்ந்து நியாயமான கட்டணத்தில் தொடங்கலாம். கிரையத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் போகின்றன. 60 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். அதன் அருகே பொறியாளரின் ஒருநாள் கட்டணம் பொருட்டே இல்லை.

அரசு உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கி தன் மதிப்பீட்டாளரை ஏற்கெனவே வீட்டுக்குள் அனுப்புகிறது. அவர் விலையைப் பார்க்கிறார், வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். வெடிப்பையும் கசிவையும் தேடுவது அவர் வேலையாக இல்லை. அவர் அறிக்கை பெரும்பாலும் வங்கிக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது, செலவு கடன் வாங்குபவருடையது என்றாலும். அதில் கட்டட நிலை பற்றி ஒரு பக்கம் சேர்த்து, நகலை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால் போதும், புது அலுவலகம் எதுவும் தேவையில்லை.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வாங்குபவரின் பொறியாளர் பத்து நாளுக்குள் வீட்டைப் பார்ப்பார், பெரிய குறை இருந்தால் விற்பவர் சரிசெய்து தருவார், இல்லையேல் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும். தரகர் முகம் சுளிப்பார், "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்பார். குறையில்லாத வீட்டை விற்பவருக்கு இந்த இரண்டு வரியால் நட்டமில்லை. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டை வாங்காதீர்கள்.